அன்று மாலையே வீடு: ஸ்கந்தபுரத்திலிருந்து ரொறொன்ரோ வரை

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறொன்ரோவிலிருந்து என் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நலம் விசாரித்து முடிந்ததும் சிறிது தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மாமா, வயிற்றுத் தோலை எடுத்துத் தைக்கிறதும், இடுப்புக் கொழுப்பை உறிஞ்சுறதும், மார்பு ஒப்பரேசனும் ஒரேயடியாச் செய்வினமாம். ஆறு மணித்தியாலம் மட்டில போகுமாம். அண்டைக்குப் பின்னேரமே வீட்டுக்குப் போகலாமெண்டு சொல்லுகினம். நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள்தானே, இது பயமில்லையோ?"

நான் வைத்தியனல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன். ஒரு விடயம் தெரியாதபோது யாரிடம் கேட்பது, எதைப் படிப்பது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த தொழில். ஒரு வாரம் பொறு என்று அவளிடம் கூறினேன். அந்த வாரத்தில் படித்தவற்றையும், படிக்கும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்த ஓர் இரவையும் இங்கு பதிவு செய்கிறேன். அந்த இரவு ஸ்கந்தபுரத்தில் கழிந்தது. அப்போது இவள் கைக்குழந்தை.

ஸ்கந்தபுரம், 1997

1996 யூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து அதே மாதம் 26 ஆம் திகதி ஆரம்பமான 'சத்ஜய' இராணுவ நடவடிக்கை, செப்டெம்பர் இறுதியில் கிளிநொச்சி நகரைக் கைப்பற்றியதோடு முடிவுற்றது. நகரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து முந்திய ஆண்டு வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து கொண்டனர். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி ஆகிய இடங்கள் சில வாரங்களுக்குள் சனத்தால் நிறைந்தன. வயலும் காடும் குளமுமாக அமைதியாயிருந்த ஸ்கந்தபுரம், கடைத்தெருவும் சந்தையும் அலுவலகங்களும் கொண்ட ஒரு பட்டினமாகத் திடீரென மாறியது. கிளிநொச்சி வைத்தியசாலையும் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து இயங்கியது.

வன்னிக்குள் செல்லும் மருந்துகள் அளந்தே அனுமதிக்கப்பட்ட காலம் அது. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சத்திரசிகிச்சை செய்யக்கூடிய இடங்களில் கட்டில்கள் போதவில்லை. கட்டிலுக்குக் கீழும் விறாந்தையிலும் பாய் விரித்து நோயாளர் படுத்திருந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

1997 இன் நடுப்பகுதியில், கோணாவில் பக்கமாகத் தன் வயலைப் பார்க்கச் சென்ற அக்காவின் தொடையில் எறிகணைச் சன்னங்கள் பாய்ந்தன. சிகிச்சை நிலையம் ஒன்றில் மூன்று மணித்தியாலம் வரை மயக்கத்தில் வைத்துச் சன்னங்களை எடுத்தார்கள். அன்று பின்னேரம் வேறு காயக்காரர் வந்து சேர்ந்தமையால், நடமாடக்கூடியவர்களையும் வீடு கிட்ட உள்ளவர்களையும் அனுப்ப வேண்டியதாயிற்று. அக்காவின் 'வீடு' பாலை மரமொன்றின் கீழ் தறப்பாளும் கிடுகும் கொண்டு போட்ட கொட்டில். மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினோம்.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு பெரியம்மா இருந்தார். கிளிநொச்சியிலிருந்து வந்தவர். தன்னிடமிருந்த கடைசி மண்ணெண்ணெயைக் குப்பி விளக்கில் ஊற்றிக்கொண்டு வந்து, அக்காவின் கால்மாட்டில் குந்தியிருந்தார். "விளக்கை அணையுங்கோ, எண்ணெய் வீணாய்ப் போகுது" என்று அக்கா முனகினார். அவர் அணைக்கவில்லை. அரைமணிக்கு ஒரு தடவை சேலையை விலக்கிக் கட்டைப் பார்த்தார். நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் கட்டு சிவந்து நனையத் தொடங்கியதைக் கண்டவர் அவரே. நான் சைக்கிளில் ஓடினேன். தாதி ஒருவர் என் சைக்கிள் கரியரில் இருந்தே வந்து காயத்தை அழுத்திப் பிடித்தார். விடியுமுன்னர் லான்ட்மாஸ்டரில் ஏற்றி மறுபடியும் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு சென்றோம். அக்கா பிழைத்தார். விளக்கு அணைந்திருந்தால் காலையில்தான் தெரிந்திருக்கும்.

அன்று அனுப்பியவர்களை நான் ஒருபோதும் குறை கூறியதில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் உலகிலேயே மிக வசதியான நகரமொன்றில், எவ்வித நெருக்கடியும் இல்லாமல், ஆறு மணித்தியாலச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றபோது, அதற்கு ஒரு வரலாறு இருக்க வேண்டும் என்று தோன்றியது. தேடினேன். இருக்கிறது.

படுக்கையிலிருந்து எழுந்த கதை

அழகுச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் நமது பக்கத்து மண்ணிலிருந்தே ஆரம்பிப்பர். 1792 இல் முடிவுற்ற மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். ஓராண்டின் பின்னர், பூனாவுக்கு அருகில், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவரது நெற்றித் தோலை மடித்திறக்கி ஒரு புதிய மூக்கை அமைத்தார். இரு ஆங்கிலேய வைத்தியர்கள் இச்சிகிச்சையைப் பார்த்திருக்கின்றனர். 1794 ஒக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மகசின்' இதனைப் படத்துடன் வெளியிட்டது. அதைப் படித்துப் பயின்ற ஜோசப் கார்ப்யூ, 1814 இல் இலண்டனில் இதே முறையில் மூக்கமைத்தார்.

அந்தக் குறிப்பில் என்னைக் கவர்ந்தது கத்தி வைத்த விதமன்று, அதற்குப் பிந்திய கவனிப்பு. காசுக்கட்டிக் குழம்பு தடவிய துணியை நான்கு நாள் அசைக்காமல் வைத்தனர். பின்னர் நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே கிடக்க வேண்டும். பத்தாம் நாள் நாசித் துவாரங்களில் மென்துணி. இருபத்தைந்தாம் நாளளவில்தான் நெற்றியோடு ஒட்டியிருந்த தோற்பாலத்தை வெட்டினர். மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில், அறுத்தவர் தன் நோயாளியை ஒரு மாதம் வரை கண்ணில் வைத்திருந்தார்.

மயக்க மருந்து 1846 இல் பொஸ்ரனில் பகிரங்கமாகக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஷ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்த அவரது முயற்சியில் 1867 இல் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. நம்மவர்கள் சத்திரசிகிச்சையைத் தம் மொழியிலேயே படிக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது என்பதை இளையோர் அறிய வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும், வெட்டிய பின் நோயாளி இரண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பதே பொதுவிதி. அந்த விதியே பலரைக் கொன்றது. அசையாத காலில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கும். எழுந்து போகும் நாளில் நோயாளி திடீரெனச் சரிந்து விழுவார். சிக்காகோவைச் சேர்ந்த எமில் ரீஸ் 1899 இலேயே நோயாளரை விரைவில் நடக்க விட வேண்டும் என்று எழுதினார். அதனைப் பெரும்பாலானோர் ஏற்க இரண்டாம் உலகப்போர் வரை செல்ல வேண்டியிருந்தது. கட்டில் பற்றாக்குறையும் போரும் ஸ்கந்தபுரத்தில் மட்டுமன்றி உலகெங்கும் நோயாளரை எழுப்பி நடக்க வைத்தன. அது பலருக்கு நன்மையாகவே முடிந்தது.

அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறைக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் கிளாஸ்கோ நகரின் ஜேம்ஸ் நிக்கல். 1909 இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், பத்தாண்டுகளில் 8,988 சிறுவர் சத்திரசிகிச்சைகளை வெளிநோயாளர் பிரிவிலேயே செய்ததாகக் கணக்குக் காட்டினார். பிளந்த உதடு, குடலிறக்கம், கோணற்பாதம் என்று பலவகை. இன்று நிக்கலை மேற்கோள் காட்டுவோர் பலர், அவர் கூறிய மறுபாதியை விட்டுவிடுகின்றனர். தாயின் மடி வைத்தியசாலைக் கட்டிலிலும் மேலானது என்று கருதிய அவர், தாதியரை அந்த வீடுகளுக்கு அனுப்பினார். பாலூட்டும் தாய்மார் குழந்தையுடன் தங்க வைத்தியசாலைக்கு அருகிலேயே ஒரு சிறிய வீட்டையும் ஏற்படுத்தினார். வீட்டு நிலைமை தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தன் விளக்கோடு வந்து கால்மாட்டில் குந்தியிருந்த பெரியம்மாவை அவ்விடத்தில் நினைத்துக் கொண்டேன்.

பின்னர் இம்முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 1970 இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் வாலஸ் றீட், ஜோன் போர்ட் என்ற இரு மயக்க மருந்து வைத்தியர்கள், பகலில் மட்டும் இயங்கும் சத்திரசிகிச்சை நிலையமொன்றைத் திறந்தனர். 1980 களின் பிற்பகுதியில் புரொபொபோல் என்ற மருந்து வந்தது. மயக்கம் விரைவில் தெளிந்தது, குமட்டல் குறைந்தது. ரொறொன்ரோ வைத்தியர் பிரான்செஸ் சுங் 1990 களில் ஒரு புள்ளித்திட்டம் வகுத்தார். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, இரத்தக்கசிவு ஆகிய ஐந்துக்கும் புள்ளியிட்டு, பத்துக்கு ஒன்பது பெற்றவரையே வீட்டுக்கு அனுப்பலாம். கூடவே, வளர்ந்த ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டும், அன்றிரவு உடனிருக்க வேண்டும். இன்று கண்புரை முதல் குடலிறக்கம் வரை பெருந்தொகையான சிகிச்சைகள் இவ்வாறே பாதுகாப்பாக நடைபெறுகின்றன. ஆகவே 'அன்றே வீடு' என்பதைக் கேட்டதும் அஞ்ச வேண்டியதில்லை.

நேரம் நீளும்போது

கேள்வி எழுவது 'நீண்ட' என்ற சொல்லில். 1980 களில் கலிபோர்னியாவின் ஜெப்ரி கிளைன், மரப்பு மருந்து கலந்த திரவத்தைப் பெருமளவு செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறையைக் கண்டார். இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. அதனால் வைத்தியசாலைக்கு வெளியே, சிறு நிலையங்களில், ஒரே மயக்கத்தில் இரண்டு மூன்று சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்யும் வழக்கம் பரவியது. செலவு குறைவு, விடுமுறை ஒரு தடவை எடுத்தால் போதும்.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளரிடம் திரட்டிய ஒரு கணக்கு வெளிவந்தது. 1994 முதல் 1998 வரை கொழுப்பு உறிஞ்சிய 496,245 பேரில் 95 பேர் இறந்திருந்தனர். சுமார் 5,000 பேருக்கு ஒருவர். இதற்கு முதன்மைக் காரணம் நுரையீரலுக்குச் சென்ற இரத்த உறைகட்டி. 2001 இல் வந்த மற்றொரு கணக்கு இதனைப் பிரித்துக் காட்டியது. கொழுப்பு உறிஞ்சுதலை மட்டும் செய்தால் 47,415 பேருக்கு ஒருவர். வேறு சிகிச்சையோடு சேர்த்தால் 7,314 பேருக்கு ஒருவர். வயிற்றுத் தோல் நீக்குதலோடு சேர்த்தால் 3,281 பேருக்கு ஒருவர். 2001 முதல் 2006 வரை அங்கீகாரம் பெற்ற அமெரிக்க நிலையங்களில் நடந்த 11 இலட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்த வேறோர் அறிக்கையில் மரணங்கள் 23 மட்டுமே. அவற்றில் 13 உறைகட்டியால் நேர்ந்தவை. பெரும்பாலானவை வயிற்றுத் தோல் நீக்கியவர்களுக்கு.

ஏன் அவ்வாறு? மணிக்கணக்கில் மயங்கிக் கிடப்பவரின் கால் தசைகள் இயங்குவதில்லை. வயிற்றை இழுத்து இறுக்கித் தைக்கும்போது உள்ளழுத்தம் கூடிக் கால்களிலிருந்து இரத்தம் திரும்புவது மந்தமாகிறது. உடல் குளிர்கிறது. செலுத்திய திரவமும் இழந்த திரவமும் சமநிலைக்கு வர நேரமெடுக்கும். தோலின் கீழ் கசியும் இரத்தம் முதற் சில மணித்தியாலங்களிலேயே பெரும்பாலும் வெளிப்படும். கடும் வலிநிவாரணிகள் உறக்கத்தில் மூச்சை மந்தப்படுத்தும். குறட்டை விட்டு மூச்சுத் திணறும் வழக்கமுள்ளவர்களுக்கு இது மேலும் ஆபத்தானது.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைக் கூறவேண்டும். ஓர் இரவு தங்கினால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடும் என்பது தவறு. இரத்தக்கசிவு, மூச்சுத் தடை ஆகியவற்றுக்கே அந்த இரவு பெருங்காப்பு. உறைகட்டி நாட்கள் கழித்தும், வாரங்கள் கழித்தும் வரலாம். அதற்குக் காப்பு ஏற்ற நோயாளியைத் தெரிவதும், நேரத்தைக் குறைப்பதும், விரைவில் நடப்பதும், வேண்டியவர்களுக்கு உறைதடுப்பு மருந்தும், கால் வீக்கம், நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுவதுமே.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தொடர்ந்த மரணங்களையடுத்து 2000 ஓகஸ்டில், பொது மயக்கத்தில் வைத்தியர் அலுவலகங்களில் செய்யும் சத்திரசிகிச்சைகளைத் தொண்ணூறு நாள் நிறுத்தி வைத்தது. பின்னர் திட்டமிட்ட நேரம் எட்டு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கத்தின் ஆலோசனை இன்னும் இறுக்கமானது. ஆறு மணித்தியாலத்துக்குள் முடித்தல் நன்று. பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்தால் தெளிந்தெழ நேரமிருக்கும். ஐந்து லீற்றருக்கு மேல் உறிஞ்சினால் வைத்தியசாலைத் தரமுள்ள இடத்தில் இரவு முழுவதும் கண்காணிக்க வேண்டும்.

இந்த விடயத்தை உலகறியச் செய்தது ஒரு பேராசிரியையின் மரணம். சிக்காகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்த டொன்டா வெஸ்ட், பாடகர் கானியே வெஸ்ட்டின் தாயார். 2007 நவம்பர் 9 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அழகுச் சத்திரசிகிச்சைக்குப் பின் வீடு சென்றார். மறுநாள் உயிரிழந்தார். வயது 58. இதயக் குழாய் நோயும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பல காரணிகளும் சேர்ந்ததாக மரண விசாரணை அதிகாரி கூறினார். மரணத்தின் தன்மையை உறுதியாகத் தீர்மானிக்க முடியவில்லை என்றும் குறிப்பிட்டார். ஆகவே 'வீட்டுக்குப் போனதால் இறந்தார்' என்று எழுதுவது நியாயமாகாது. ஆனால் அவரை முன்னர் பார்த்த வேறொரு வைத்தியர், இதயப் பரிசோதனை செய்து வரும்படி கேட்டிருந்தார் என்பது வெளிவந்தது. 2009 இல் கலிபோர்னியா அவர் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. அழகுச் சத்திரசிகிச்சைக்கு முன் உடற்பரிசோதனையும் எழுத்துமூல அனுமதியும் கட்டாயமாயின.

ரொறொன்ரோவுக்கும் இது புதிதன்று. 2007 செப்டெம்பரில் ஓர் இளம் தாய் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் பின் அந்நகரில் இறந்தார். சிகிச்சை செய்தவர் சத்திரசிகிச்சை நிபுணரல்லர், குடும்ப வைத்தியர். அதன் பின்னரே, 2010 முதல், ஒன்ராறியோ மருத்துவர் கல்லூரி வைத்தியசாலைக்கு வெளியேயுள்ள இத்தகைய நிலையங்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சை நடந்த அன்றே இறந்த செய்தியையும் வாசகர்கள் அறிந்திருப்பர்.

யார் விழித்திருப்பது?

வாரம் முடிந்ததும் மருமகளை அழைத்து, படித்ததைச் சொன்னேன். அழகு பார்ப்பது வீண் என்று நான் அவளுக்குப் போதிக்கவில்லை. அது அவளது உடல், அவளது விருப்பம். நான்கு கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்த நிலையம் பரிசோதிக்கப்பட்டதா, மயக்கம் கொடுப்பவர் அதற்கான நிபுணரா? மூன்றையும் ஒரே நாளில் செய்யாமல் பிரிக்க முடியுமா? இரவில் ஏதும் நேர்ந்தால் எந்த வைத்தியசாலை, எவ்வளவு தூரம், வைத்தியர் தொலைபேசியை எடுப்பாரா? நான்காவதை நானே கேட்டேன்: "அண்டிரவு வீட்டில உன்னோட ஆர் இருப்பினம், பிள்ளை?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "இவருக்கு அந்தக் கிழமை இரவு வேலை, மாமா. பிள்ளையள் இரண்டும் இருக்குங்கள்." மூத்ததற்கு ஐந்து வயது.

புலம்பெயர்ந்த நம்மவரின் வாழ்க்கை இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. 'அன்றே வீடு' என்ற முறை, வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வகுக்கப்பட்டது. ஸ்கந்தபுரத்துக் கொட்டிலில் சுவர் இருக்கவில்லை, மின்சாரம் இருக்கவில்லை, ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தது. இருபதாவது மாடியில் அனைத்தும் இருக்கும், பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாதிருக்கும்.

அந்த நிலையத்தில் கேட்டபோது, "எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்" என்ற பதிலே கிடைத்ததாம். அவள் வேறொரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் சென்றாள். அவர் இரண்டாகப் பிரித்தார். முதலாவதில் வயிறு மட்டும், அதன் பின் ஓர் இரவு தங்கல். ஆறு மாதம் கழித்து மற்றவை. செலவு கூடியது. கணவர் அந்த வாரம் விடுமுறை எடுத்தார்.

முதலாவது சிகிச்சை நல்லபடியாக நடந்தது. அக்கா 2010 இல் மீளக் குடியேறி, இன்றும் ஸ்கந்தபுரத்திலேயே இருக்கிறார். தொடையில் அந்தத் தழும்பு இன்னமும் உண்டு. அதை மறைக்க வேண்டும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை, மகளின் விருப்பத்தை அவர் மறித்ததுமில்லை. ரொறொன்ரோவில் சிகிச்சை முடிந்த நேரம் வன்னியில் நள்ளிரவு கடந்துவிட்டது. அங்கு இரவானபோது இங்கு விடிந்தது. அன்று அக்கா வயலுக்குப் போகவில்லையாம். தொலைபேசியை மின்னேற்றியில் போட்டபடி மகளுக்கு விடியும்வரை பக்கத்திலேயே இருந்தாராம்.

"அங்க தாதிமார் இருக்கினம்தானே அக்கா, நீங்கள் ஏன் முழிச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஒராள் முழிச்சிருந்தவதானே" என்றார்.